சர்வரும் கிளையன்டும் பேசிக்கொள்ளவில்லையா? பைத்தான் சாக்கெட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பெங்களூர் அல்சூரில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலை ஆனால் லேப்டாப் பைகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட், கே.ஆர்.புரம் பி.ஜி.க்களில் (பேயிங் கெஸ்ட் விடுதிகளில்) தங்கி வேலை தேடுகிற பிள்ளைகள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் என்று ஆறேழு பேர் வருவார்கள். பைத்தான் படிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் சாக்கெட் பாடம் வந்துவிடும்: இரண்டு புரோகிராம்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் முறை அது. காத்திருந்து பதில் சொல்ல ஒரு சர்வர் ஃபைல், போய்க் கூப்பிட ஒரு கிளையன்ட் ஃபைல், இரண்டும் சேர்ந்து நாற்பது ஐம்பது வரி. ஆள் மாறுகிறார், லேப்டாப் மாறுகிறது, அந்த ஐம்பது வரியில் வருகிற கோளாறுகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், சிரமமானது கடைசியில்.

"அக்கா, ஓடலக்கா" என்றுதான் பேச்சு தொடங்கும். "என்ன சொல்லுது?" என்றால் "எரர் வருது" என்பார்கள். பத்து வரி வந்திருந்தாலும் கடைசி வரியை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த வரியில் ஒரு எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியோடும் அந்த எண்ணைத் தந்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். இரண்டு புரோகிராமையும் ஒரே லேப்டாப்பில், 127.0.0.1 என்ற முகவரியில் (ஒரு கணினி தன்னையே கூப்பிடும் முகவரி) ஓட்டிப் பாருங்கள். அங்கேயே ஓடவில்லை என்றால் கோளாறு கோடில். அங்கே ஓடி, பக்கத்து லேப்டாப்பிலிருந்து இணைப்பே கிடைக்கவில்லை என்றால் பைண்ட் முகவரி (சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பது), ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்), வைஃபை இந்த மூன்றில் ஒன்று. இதைச் செய்யாமல் ரவுட்டரை நோண்டப் போனால் ஒரு சாயங்காலம் முழுக்க வீணாகும்.

## கிளையன்டை ஓட்டியதும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'

லினக்ஸில் எண் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061.

இதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன். உங்கள் அழைப்பு எதிர்க் கணினி வரை போய்விட்டது, "இந்தப் போர்ட்டில் இங்கே யாரும் இல்லை" என்று பதிலும் வந்துவிட்டது. போர்ட் என்பது ஒரு கணினியில் எந்தப் புரோகிராமைத் தட்டுவது என்று சொல்லும் கதவு எண். பெரும்பாலும் வழியில் கோளாறு இல்லை.

சர்வர் உண்மையில் ஓடுகிறதா? பாதிப் பேருக்கு இதுதான். சர்வர் டெர்மினலைத் திறந்து பாருங்கள். அது வேறு ஏதோ எரரில் எப்போதோ நின்றுபோயிருக்கும். ஐடில் (பைத்தானோடு வரும் எடிட்டர்) பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. சர்வரை ஓட்டிவிட்டு, கிளையன்ட் ஃபைலுக்கு வந்து எஃப்5 அழுத்தினால் ஐடில் தன் ஷெல்லை ரீஸ்டார்ட் செய்யும். ஓடிக்கொண்டிருந்த சர்வர் அந்த நொடியே போய்விடும், கிளையன்ட் போய்த் தட்டும்போது வீட்டில் ஆள் இருக்காது. ஓசூரிலிருந்து வரும் ஒரு தம்பி மூன்று நாள் இதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தான். கோடில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இரண்டு தனி டெர்மினல் ஜன்னல் திறந்து, ஒன்றில் சர்வர், மற்றதில் கிளையன்ட் என்று ஓட்டினோம், அவ்வளவுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

போர்ட் எண் இரண்டு ஃபைலிலும் ஒன்றா? 5050-ஐயும் 5005-ஐயும் கண் ஒன்றாகவே பார்க்கும். விரல் வைத்துப் படியுங்கள்.

லிசன் அழைத்தீர்களா? பைண்ட் மட்டும் செய்துவிட்டு லிசனை விட்டால், அக்செப்ட் வரியில் சர்வரே எரர் தந்து நின்றுவிடும். வரிசை: சாக்கெட், பைண்ட் (முகவரியையும் போர்ட்டையும் பிடிப்பது), லிசன் (காது கொடுப்பது), அக்செப்ட் (வந்த இணைப்பை வாங்குவது).

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையா? சர்வர் ஓடும் கணினியையே கேளுங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு கொடுத்தால், எந்த முகவரியில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் புராசஸ் எண் என்ன என்று வரும். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளை, மேக்கில் எல்எஸ்ஓஎஃப். பட்டியலில் உங்கள் போர்ட் 'லிசன்' நிலையில் இல்லை என்றால் கிளையன்டைத் தொடவே வேண்டாம். இருந்தும், அதன் முன்னால் 127.0.0.1 என்று இருந்து, நீங்கள் வேறு கணினியிலிருந்து வருகிறீர்கள் என்றால், அடுத்த லேப்டாப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## சர்வரே எழவில்லை

### 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' (98, மேக்கில் 48, விண்டோஸில் 10048)

பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு முதல் காரணம் கன்ட்ரோல்-இசட். கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டிய இடத்தில் அதை அழுத்தினால் புரோகிராம் நிற்காது, உறங்கப் போகும், போர்ட்டை விடாது. 'ஸ்டாப்டு' என்று திரையில் வந்திருந்தால் இதுதான். எஃப்ஜி என்று தட்டி அதை முன்னுக்குக் கொண்டுவந்து, கன்ட்ரோல்-சி கொடுங்கள். தூங்குகிற சர்வரோடு கிளையன்ட் இணையவும் செய்யும், பதில்தான் வராது. ஆகவே 'கனெக்ட் ஆகுது, பேசல' என்கிறவர்களும் இதைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லை, சர்வரை ஒழுங்காக நிறுத்தி உடனே மறுபடி ஓட்டும்போதுதான் வருகிறது, ஒரு நிமிடம் பொறுத்தால் சரியாகிறது என்றால் அது மிச்ச இணைப்பின் காத்திருப்பு. லினக்ஸில் அது 60 விநாடி. பைண்டுக்கு முன்னால் எஸ்ஓ-ரீயூஸ்அட்ரஸ் என்ற அமைப்பை 1 ஆக வையுங்கள். பைண்டுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. நான் பார்த்ததில் பலர் அந்த வரியைச் சரியாக எழுதி, தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸில் மட்டும் அந்த வரியைப் போடாதீர்கள். அங்கே அதன் பொருள் வேறு: ஒரே போர்ட்டில் இரண்டு சர்வர் ஒரே சமயத்தில் உட்கார்ந்துவிடும், வருகிற இணைப்பு எதற்குப் போகும் என்று சொல்லவே முடியாது. 'கோடை மாற்றினேன், மாற்றம் தெரியவில்லை' என்று விண்டோஸில் யாராவது சொன்னால், பழைய சர்வர் இன்னொரு ஜன்னலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் 5000-ஐத் தவிர்த்துவிடுங்கள். 2021-இல் வந்த மான்டரேயில் இருந்து ஏர்பிளே ரிசீவர் அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

### 'பர்மிஷன்' என்று வருகிறது (13, விண்டோஸில் 10013)

லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரண பயனர் பிடிக்க முடியாது. 80 வேண்டாம், 8080 போடுங்கள். சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுவது தீர்வில்லை. விண்டோஸில் பெரிய எண் போட்டும் 10013 வந்தால், வேறு ஒரு சேவை அந்தப் போர்ட்டைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். ஹைப்பர்-வி (விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினி ஓட்டும் வசதி) இருக்கும் கணினிகளில் இது சகஜம். வேறு எண்ணுக்கு மாறுங்கள்.

### பைத்தானே 'டைப் எரர்' தருகிறது

பைண்டும் கனெக்டும் முகவரியையும் போர்ட்டையும் ஒரே பொதியாகக் கேட்பவை. அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி வேண்டும். போர்ட்டை இன்புட் மூலம் வாங்கினீர்கள் என்றால் அது எழுத்தாக வந்திருக்கும், இன்ட் போட்டு எண்ணாக்குங்கள்.

### 'சாக்கெட் என்ற பெயர் சாக்கெட் மாட்யூலில் இல்லை'

உங்கள் ஃபைலுக்கே சாக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பைத்தான் தன் மாட்யூலுக்குப் பதில் உங்கள் ஃபைலை எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றுங்கள், அதே ஃபோல்டரில் வேறு யாராவது அந்தப் பெயரில் ஃபைல் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

## ஒரே லேப்டாப்பில் ஓடுகிறது, அடுத்த லேப்டாப்பிலிருந்து ஓடவில்லை

இங்கே முதலில் கேட்க வேண்டியது: உடனே மறுப்பு வருகிறதா, அல்லது ரொம்ப நேரம் நின்று 'டைம்ட் அவுட்' என்று வருகிறதா? விண்டோஸில் சுமார் 21 விநாடி, லினக்ஸில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டு வரும். இரண்டும் இரண்டு வேறு கோளாறு.

உடனே மறுப்பு வந்தால் பைண்ட் வரியைப் பாருங்கள். அங்கே 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் சர்வர் தன் வீட்டுக்குள் கேட்கும் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கும். அதை 0.0.0.0 ஆக்குங்கள், எல்லா முகவரியிலும் கேள் என்று பொருள். கிளையன்டில் சர்வர் லேப்டாப்பின் வைஃபை முகவரி வேண்டும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது. கிளையன்டிலும் 0.0.0.0 போட்டுவிடுகிறவர்கள் உண்டு. விண்டோஸ் அதை 10049 என்று திருப்பிவிடும்.

நின்று நின்று டைம்-அவுட் ஆனால் யாரோ வழியில் விழுங்குகிறார்கள். யார் என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் இரண்டு லேப்டாப்பின் ஐ.பி. முகவரியையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். வீட்டு ரவுட்டர்களில் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பி.ஜி.க்களில் மாடிக்கு ஒரு ரவுட்டர் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுவார்கள். நீங்கள் 192.168.0.7, உங்கள் நண்பர் 192.168.1.4 என்று இருந்தால் வைஃபை பெயர் ஒன்றானாலும் நீங்கள் வேறு வேறு வீட்டில் இருக்கிறீர்கள்.

முகவரி சரியா? அப்புறம் சர்வர் லேப்டாப்பின் ஃபயர்வால். விண்டோஸில் முதல் தடவை சர்வரை ஓட்டும்போது பைத்தானை அனுமதிக்கலாமா என்று ஒரு ஜன்னல் வரும். அவசரத்தில் கேன்சல் அழுத்திவிட்டால், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று அது எடுத்துக்கொள்ளாது. பைத்தானைத் தடுக்கச் சொல்லி ஒரு விதியே எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. டிஃபெண்டர் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில், இன்பவுண்ட் விதிகளில் பைத்தான் என்ற பெயரைத் தேடுங்கள். சிவப்புத் தடைக்குறியோடு இருப்பவற்றை அழித்துவிட்டு சர்வரை மறுபடி ஓட்டினால் ஜன்னல் திரும்ப வரும், இந்தத் தடவை அனுமதியுங்கள். வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட்டுக்கு மட்டும் கொடுத்த அனுமதி செல்லாது, அதையும் பாருங்கள். தயவுசெய்து ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள். பி.ஜி. வைஃபையில் உங்களோடு இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: பிங் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல சமயம் பிங்கை மட்டும் தடுக்கும், உங்கள் போர்ட் திறந்தே இருக்கும்.

ஃபயர்வாலும் சரி என்றால் சந்தேகம் வைஃபை மேல். இதற்கு நான் நம்பும் சோதனை ஃபோன் ஹாட்ஸ்பாட். உங்கள் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டு லேப்டாப்பையும் அதில் சேருங்கள், புது ஐ.பி. முகவரியைப் பார்த்து கிளையன்டில் மாற்றுங்கள், ஓட்டுங்கள். பேச்சு இரண்டு லேப்டாப்புக்கு நடுவில்தான் நடக்கிறது என்பதால் டேட்டா தீராது. ஹாட்ஸ்பாட்டில் ஓடி, பி.ஜி. வைஃபையில் ஓடவில்லை என்றால் அந்த ரவுட்டரில் ஏபி ஐசோலேஷன் போட்டிருக்கிறார்கள்: எல்லோருக்கும் இணையம் கிடைக்கும், ஆனால் ஒருவர் கணினியை இன்னொருவர் தொட முடியாது. கெஸ்ட் வைஃபைகளில் இது வேண்டுமென்றே வைப்பது, தப்பில்லை. பாடத்துக்கு ஹாட்ஸ்பாட் போதும்.

இன்னும் இரண்டு: அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு வைஃபையில் உள்ள கணினிகள் அதற்குத் தெரியாமல் போகலாம். சர்வரை டபிள்யூஎஸ்எல்2-க்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓட்டினால் அது விண்டோஸுக்குப் பின்னால் தனி முகவரியில் இருக்கும். அதே லேப்டாப்பிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று எட்டலாம், வெளியிலிருந்து நேராக எட்ட முடியாது. சர்வரை விண்டோஸ் பைத்தானிலேயே ஓட்டிவிடுவது எளிது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: லேப்டாப் அலுவலகத்துடையது, ஃபயர்வால் பக்கம் பூட்டியிருக்கிறது என்றால் அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். ஐ.டி. டெஸ்கில் டிக்கெட் போடுவதுதான் வழி. சுற்றுவழி தேடி வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

## இணைப்பு கிடைத்துவிட்டது, இரண்டும் அப்படியே நிற்கின்றன

எரர் இல்லை, அசைவும் இல்லை. பொதுவாக இரண்டு பக்கமும் ரிசீவில் உட்கார்ந்து 'நீ சொல், நான் கேட்கிறேன்' என்று காத்திருக்கும். இரண்டு ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, சென்டும் ரிசீவும் மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இங்கே சென்ட் என்றால் அங்கே ரிசீவ். ஜோடி சேராத இடம் உடனே தெரியும்.

ஜோடி சரியாக இருந்தும் நிற்கிறது, சர்வர் வரி வரியாக வாசிக்கிறது என்றால், கிளையன்ட் வரி முடிவுக் குறியை அனுப்புகிறதா? இன்புட்டில் நீங்கள் அழுத்தும் என்டர் செய்தியோடு வராது, பைத்தான் அதை நீக்கிவிட்டுத்தான் தரும். அனுப்பும்போது நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வரி முடியும் என்று சர்வர் காத்துக்கொண்டே இருக்கும்.

விண்டோஸின் கறுப்பு ஜன்னலில் தெரியாமல் மவுஸால் கிளிக் செய்திருந்தால் அந்த ஜன்னல் 'செலக்ட்' நிலைக்குப் போய், அடுத்த பிரிண்டில் புரோகிராம் நின்றுவிடும். ஜன்னல் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்கேப் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கோடில் தேடித் தேடிக் கிடைக்காத கோளாறு பல தடவை இதுவாக இருந்திருக்கிறது.

விண்டோஸில் அக்செப்டில் நிற்கிற சர்வரை கன்ட்ரோல்-சி நிறுத்தவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஒரு விநாடி டைம்-அவுட் வைத்து, அதைச் சுழற்சிக்குள் பிடித்து மறுபடி அக்செப்டுக்குப் போகும்படி எழுதினால் சரியாகும்.

## செய்திகள் ஒட்டி வருகின்றன, பாதியில் வெட்டுப்படுகின்றன, தமிழ் உடைகிறது

இதில்தான் நிறைய நேரம் செலவாகிறது. ஏனென்றால் இது சில சமயம் வரும், சில சமயம் வராது. அதனால் எல்லோரும் நெட்வொர்க் மேல் பழியைப் போடுவார்கள். நெட்வொர்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

மனதில் வைக்க வேண்டியது இவ்வளவே: டிசிபி (இந்தச் சாக்கெட்டுகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) குழாய்த் தண்ணீர் மாதிரி. நீங்கள் இரண்டு சொம்பு ஊற்றினால் அந்தப் பக்கம் ஒரு வாளியாக வரலாம், மூன்று டம்ளராகவும் வரலாம். ஒரு துளியும் குறையாது, வரிசையும் மாறாது. சொம்பு மட்டும் போய்ச் சேராது. ஒரு சென்டுக்கு ஒரு ரிசீவ் என்று எழுதிய கோட் ஒரே லேப்டாப்பில் பெரும்பாலும் ஓடிவிடும், அங்கே பெரிய துண்டாகவே போகிறது. வைஃபைக்கு வந்ததும் ஒரு பொட்டலத்தில் சுமார் 1460 பைட்தான் கொள்ளும், பிரிந்து பிரிந்து வரத் தொடங்கும்.

இரண்டு செய்தி ஒட்டி வந்தால் சென்டுக்கு நடுவில் ஸ்லீப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். இன்று மறையும், நாளை திரும்ப வரும். செய்தி எங்கே முடிகிறது என்று செய்திக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். அரட்டை மாதிரி வரி வரியான செய்தி என்றால் வரி முடிவுக் குறி போதும். சாக்கெட்டின் மேக்ஃபைலை யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) என்று சொல்லித் திறந்து ரீட்லைன் செய்தால், வெட்டுவதும் ஒட்டுவதும் பைத்தான் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு அதே சாக்கெட்டில் ரிசீவையும் கலக்காதீர்கள், மேக்ஃபைல் முன்கூட்டியே வாங்கி வைத்த பைட்டுகள் ரிசீவுக்குத் தெரியாது.

'பைட்ஸ் வேண்டும், எஸ்டிஆர் கூடாது' என்றால் என்கோடு (எழுத்தைப் பைட்டாக்குவது) போடாமல் அனுப்புகிறீர்கள். ஒரு சொல்லில் முடிகிற வேலை.

டிகோடு (பைட்டை மறுபடி எழுத்தாக்குவது) வரியில் எரர், அதுவும் தமிழ்ச் செய்திக்கு மட்டும் என்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்ற மாதம் ஒரு தங்கை தன் அரட்டை புரோகிராமோடு வந்தாள். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக அனுப்பினாலும் எரர் இல்லை, ஊருக்கு எழுதுவது போலத் தமிழில் நீளமாக எழுதினால் சர்வர் விழுந்துவிடும். 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா' என்பது கடைசி வரி. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'வணக்கம்' என்பது வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறி, ஆக 21 பைட். அவள் ரிசீவில் 1024 என்று வைத்திருந்தாள். 1024-ஐ மூன்றால் வகுத்தால் 341 முழுசாக வரும், 1 மிச்சம். இடைவெளி இல்லாத தமிழ் என்றால் 342-ஆவது குறியின் முதல் பைட் இந்தப் பக்கம், மீதி இரண்டு அந்தப் பக்கம். அந்த ஒற்றைப் பைட்டை டிகோடு செய்ய முடியாது. நடுவில் ஒரு பைட் இடைவெளிகள் வரும்போது வெட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் சில செய்தி பிழைத்தது, சில செய்தி விழுந்தது.

1024-ஐ 4096 ஆக்குவது தீர்வில்லை. அதிலும் மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், எப்படியும் ரிசீவ் கேட்ட அளவு முழுவதும் தருவதாக உறுதி இல்லை. எரரை 'இக்னோர்' செய்யச் சொல்வது இன்னும் மோசம், எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். வந்த பைட்டுகளைப் பைட்டாகவே சேர்த்துக்கொண்டு போங்கள், செய்தி முழுசாக முடிந்த பிறகு ஒரே தடவை டிகோடு செய்யுங்கள். வரி முடிவுக் குறி வந்ததும் டிகோடு என்று மாற்றியதும் அவளுடைய சர்வர் அம்மாவின் நீண்ட செய்தியைக்கூட முழுசாகக் காட்டியது. அந்தத் திரையை அவள் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள்.

நீளத்தை முன்னால் அனுப்புகிற முறை எழுதியிருந்தால் (4 பைட்டில் நீளம், பிறகு செய்தி) எந்த நீளத்தை அளந்தீர்கள் என்று பாருங்கள். என்கோடு செய்வதற்கு முன் 'வணக்கம்' நீளம் கேட்டால் 7 வரும். அந்தப் பக்கம் 7 பைட் எடுத்தால் 'வண' வரும், அதன் பின் ஒரு உடைந்த பைட். முதலில் என்கோடு, பிறகு நீளம். வாங்கும்போதும் ஒரே ரிசீவில் அத்தனையும் வரும் என்று நம்பாமல், வேண்டிய அளவு சேரும்வரை சுழற்சியில் வாங்குங்கள். அனுப்பும் பக்கம் சென்டுக்குப் பதில் சென்ட்ஆல். வெறும் சென்ட் பாதி அனுப்பிவிட்டு எத்தனை பைட் போனது என்று எண்ணைத் தரும். அந்த எண்ணைப் பார்க்கிற மாணவரை நான் இதுவரை கண்டதில்லை.

## முதல் கிளையன்டுக்குப் பதில் வருகிறது, இரண்டாவதுக்கு வரவில்லை

இரண்டாவது கிளையன்ட் இணைந்துவிடும், அனுப்பவும் செய்யும், எரரும் இருக்காது. அதனால்தான் குழப்பம். அதன் இணைப்பை இயங்குதளம் வாங்கி வரிசையில் வைத்திருக்கிறது, உங்கள் சர்வரோ முதல் ஆளோடு பேசி முடித்து அக்செப்டுக்குத் திரும்பவே இல்லை. அக்செப்ட் தருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு திரெட் (மற்றவற்றோடு சேர்ந்தே ஓடும் தனி ஓட்டம்) போடுங்கள்.

திரெட் போட்ட பிறகும் அதே கதை என்றால் டார்கெட் என்ற இடத்தில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் திரெட் உருவாவதற்கு முன்பே அந்த ஃபங்ஷன் ஓடத் தொடங்கிவிடும். பெயரை மட்டும் கொடுங்கள். ஆர்க்ஸில் ஒரே ஒரு பொருள் என்றால் அதன் பின் ஒரு கமா வேண்டும்.

லினக்ஸில் 107, விண்டோஸில் 10057 என்று வந்தால், அக்செப்ட் திருப்பித் தந்த புது சாக்கெட்டை விட்டுவிட்டு சர்வரின் மூல சாக்கெட்டில் ரிசீவ் செய்கிறீர்கள். புதியதில் பேசுங்கள்.

## கிளையன்ட் போன பிறகு சர்வர் திரை காலி வரிகளாக ஓடுகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது

எதிராளி இணைப்பை மூடிவிட்டால் ரிசீவ் காலி பைட்டுகளைத் தரும், தந்துகொண்டே இருக்கும். காலியாக வந்தால் சுழற்சியை விட்டு வெளியேறி, அந்தச் சாக்கெட்டை மூடுங்கள்.

'ரீசெட் பை பியர்' (104, மேக்கில் 54, விண்டோஸில் 10054) அல்லது 'புரோக்கன் பைப்' (32) என்றால் எதிராளி சொல்லாமல் எழுந்து போய்விட்டார். உங்கள் பக்கத்தில் அதைப் பிடித்து, அந்த ஒரு இணைப்பை மட்டும் மூடிவிட்டு சர்வர் தொடர்ந்து ஓட வேண்டும். ஆனால் கிளையன்ட் ஏன் போனது என்பதை அங்கே போய்ப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் கிளையன்ட் டெர்மினலில் வேறு ஒரு எரர் கிடக்கும், அதுதான் மூலம்.

## நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

கரண்ட் போய் வந்ததா? பெங்களூரில் மழைக் காலத்தில் இதை முதலில் கேட்பேன். ரவுட்டர் அணைந்து எழுந்தால் ஐ.பி. முகவரிகளை மறுபடி பங்கிடும். நேற்று 192.168.1.7 ஆக இருந்த சர்வர் லேப்டாப் இன்று 192.168.1.9. கிளையன்டில் பழைய எண் அப்படியே எழுதிக் கிடக்கும். ரவுட்டரில் அந்த லேப்டாப்புக்கு நிலையான முகவரி ஒதுக்கச் சொல்லலாம், இல்லையென்றால் கிளையன்ட் தொடங்கும்போது முகவரியைக் கேட்டு வாங்கும்படி எழுதுங்கள்.

கரண்ட் போகும்போது ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் என்றால் இன்னொன்றும் நடக்கும். லேப்டாப்புகள் பேட்டரியில் உயிரோடு இருக்கும், நடுவில் ரவுட்டர் போய்விடும், இணைப்பு அறுந்தது யாருக்கும் சொல்லப்படாது. ரிசீவ் காத்துக்கொண்டே இருக்கும். கீப்அலைவ் (எதிராளி இருக்கிறாரா என்று இயங்குதளமே விசாரிப்பது) போட்டாலும் லினக்ஸில் அது முதலில் விசாரிப்பதே 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்து. நீங்களே 30 விநாடிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, செட்டைம்அவுட்டில் 60 வைத்து, வரவில்லை என்றால் மறுபடி இணைவது நல்லது.

## வீட்டுக்கு வெளியிலிருந்து எட்டவில்லை

சேலத்தில் இருக்கும் நண்பர் உங்கள் பி.ஜி. லேப்டாப்பில் ஓடும் சர்வரோடு இணைய வேண்டும் என்றால், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உங்கள் லேப்டாப்புக்குத் திருப்பிவிடுவது) வேண்டும். அதைத் தொடுவதற்கு முன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அல்லது இணையதளங்கள் காட்டும் உங்கள் முகவரியோடு பொருந்தவில்லை என்றால், இணைய சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் என்ன ஃபார்வர்டு செய்தாலும் வராது. அவர்களைக் கூப்பிட்டு நிலையான பொது முகவரி கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். பாடத்துக்காக என்றால் அந்தச் செலவு வேண்டாம், கிளவுடில் ஒரு சின்ன மெஷின் எடுத்து சர்வரை அங்கே வையுங்கள்.

அமேசான் மும்பை ரீஜனில் மெஷின் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. திரையில் தெரிகிற பொது முகவரியை பைண்டில் போட்டால் 99 என்று எரர் வரும். அந்த முகவரி மெஷினுக்குள் இல்லை, வெளியில் மாற்றிக் கொடுக்கப்படுவது. 0.0.0.0 போடுங்கள். அடுத்தது செக்யூரிட்டி குரூப், மெஷினுக்கு அமேசான் வைக்கும் ஃபயர்வால். இன்பவுண்டில் உங்கள் போர்ட்டைச் சேர்க்காதவரை டைம்-அவுட் மட்டுமே வரும். சேர்க்கும்போது உலகம் முழுவதற்கும் திறக்காமல் உங்கள் முகவரிக்கு மட்டும் திறங்கள். திறந்த போர்ட்டைத் தேடித் தட்டுகிற கணினிகள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, முன்பின் தெரியாத பைட்டுகள் வந்து உங்கள் டிகோடு வரியை உடைக்கும். வந்ததை ஈவால் செய்கிற, பிக்கிள் மூலம் திறக்கிற சர்வரை வெளியில் வைக்கவே வைக்காதீர்கள், அனுப்பியவரின் கோடை உங்கள் மெஷினில் ஓட்டிவிடக்கூடியவை அவை.

இதற்கு மேல் போனால் ஆளைக் கூப்பிடுங்கள்: அலுவலக நெட்வொர்க் என்றால் ஐ.டி. டெஸ்க், கிளவுட் கணக்கு கம்பெனியுடையது என்றால் அதைப் பார்ப்பவர், பி.ஜி. என்றால் வைஃபை போட்டுத் தந்தவர். கூப்பிடும்போது 'நெட் வேலை செய்யல' என்று சொல்லாதீர்கள். சர்வரின் முகவரி, போர்ட், கிளையன்டின் முகவரி, எரரின் கடைசி வரி, எத்தனை விநாடி கழித்து வந்தது, ஹாட்ஸ்பாட்டில் ஓடியதா என்ற ஆறையும் எழுதி அனுப்புங்கள். பி.ஜி. ரவுட்டர் என்றால் ஏபி ஐசோலேஷன் என்ற பெயரையும் சொல்லுங்கள். வயர்லெஸ் பக்கத்தில் ஒரே ஒரு டிக் அது, எடுப்பதா வேண்டாமா என்பது பி.ஜி. நடத்துகிறவரின் முடிவு.